மூன்று ரிசீவர் பார்த்த கட்டை

"எல்லாம் சரியாத்தான் செஞ்சேன் டீச்சர். ஆனா குண்டு அது இஷ்டத்துக்குப் போகுது."

ஜெசிந்தா தலை நிமிரவில்லை. யாரோ ஓர் எஸ்டேட்காரரின் துப்பாக்கிக் குழலுக்குள் துணி சுற்றிய கம்பியை விட்டு இழுத்துக்கொண்டிருந்தாள்.

"உக்காருங்க அக்கா."

சௌந்தரவல்லி உட்கார்ந்தாள். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு. இருபதிலும் அவள் மடியில் நாலடி நீளத் துணிப்பை. பக்கத்து சீட்டுக்காரர் வீணையா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டாள். காற்றுத் துப்பாக்கி என்றால் மலை ஏறி முடிகிறவரைக்கும் விளக்க வேண்டும். அந்தத் தெம்பு இல்லை.

அவளுக்கு வயது ஐம்பத்தாறு. ஜெசிந்தாவுக்கு நாற்பத்தொன்று. தன்னைவிடப் பதினைந்து வயது சின்னவளை என்னவென்று கூப்பிடுவது என்று தெரியாமல், கான்வென்ட்டில் படித்த பழக்கத்தில் டீச்சர் என்று ஆரம்பித்தாள். அப்படியே நிலைத்துவிட்டது.

ஜெசிந்தாவுக்கு அப்பாவிடமிருந்து துப்பாக்கி பழுதுபார்க்கும் பட்டறை வந்தது, அதன் உரிமம் வந்தது. பேச்சு வரவில்லை. அப்பாவும் பேச மாட்டாராம்.

"காட்டுங்க."

பையிலிருந்து துப்பாக்கி வெளியே வந்தது. வீட்டிலேயே கட்டியது. அவள் பழகும் துப்பாக்கி சுடும் சங்கத்தில் இருப்பவை எல்லாம் ஆறடி ஆண்களுக்கு அளவெடுத்தவை. ஐந்தடிப் பெண்பிள்ளை தோளில் வைத்தால் கன்னம் எட்டாது. அதனால் தேக்கில் ஒரு கட்டையை ஆசாரியிடம் முரட்டாக அறுத்து வாங்கி, மீதியைத் தானே செதுக்கினாள். அதன் குழிவில் ரிசீவர் உட்கார்ந்திருந்தது. குழலும் ட்ரிக்கரும் வந்து மாட்டிக்கொள்ளும் நடு உடம்பு அது.

"எப்பத் தேர்வுப் போட்டி?"

"வர்ற ஞாயிறு இல்ல, அதுக்கு அடுத்த ஞாயிறு. நாப்பது குண்டு. முந்நூத்தி அறுபது எடுக்கணும்."

"இப்ப?"

"முந்நூத்தி முப்பத்தொண்ணு. முதல் பத்துக் குண்டு இடது பக்கம். அடுத்த பத்து மேல. அப்புறம் அதுக்கே மறந்துபோயிடுது."

"எடுக்கலைன்னா?"

சௌந்தரவல்லி முந்தானையால் குழலைத் துடைத்தாள்.

"பெங்களூர் போயிடுவேன். மகன் வீட்டுக்கு. மருமகளுக்கு ரெண்டாவது, ஏழு மாசம். சேலத்து வீட்டைக் காலி பண்ணிட்டு நிரந்தரமா வந்துடுங்கன்னு ஒரு வருஷமாச் சொல்றான். இந்தத் தேர்வுல வரலைன்னா வந்துடறேன்னு வாக்குக் கொடுத்துட்டேன்."

"ஏன் கொடுத்தீங்க?"

"வாதாடி அலுத்துப்போச்சு."

ஜெசிந்தா கம்பியைக் கீழே வைத்தாள்.

"பஸ் டிக்கெட் இருக்கா?"

கொடுத்தாள். ரிசீவருக்கும் மரத்துக்கும் நடுவில் டிக்கெட்டை விட்டாள் ஜெசிந்தா. வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. மடித்து விட்டாள். போனது. இன்னும் ஒருமுறை மடித்தாள். அதுவும் போனது.

"இதுல குடும்பமே பயணம் போகலாம்" என்றாள்.

ஸ்க்ரூ இரண்டையும் கழற்றி ரிசீவரைத் தூக்கினாள். குழிவுக்குள் அட்டைத் துண்டுகள் இருந்தன. ஒன்றில் பொன் எழுத்து.

"என்ன இது?"

"கல்யாணப் பத்திரிகை. ஆட்டம் நிக்கட்டும்னு வெச்சேன்."

"யாரு கல்யாணம்?"

"நாத்தனார் பொண்ணு."

"சேந்து இருக்காங்களா?"

"இருக்காங்க. அவங்களுக்கும் நடுவுல யாராவது அட்டை வெச்சுக்கிட்டேதான் இருக்கணும்."

ஜெசிந்தா சிரிக்கவில்லை. குழிவைக் கட்டைவிரலால் தடவினாள். நீளத்தில் ஒரு படி, அகலத்தில் ஒரு படி, ஆழத்தில் இரண்டு.

"இந்தக் கட்டை எத்தனை ரிசீவர் பார்த்திருக்கு?"

"மூணு."

"வரிசையாச் சொல்லுங்க."

"முதல்ல, சங்கத்துல உடைஞ்ச துப்பாக்கியோட பழைய ரிசீவர். அதுக்குத்தான் செதுக்கினேன். அப்புறம் மகன் வெளிநாட்டுது ஒண்ணு வரவழைச்சு அனுப்பினான். பிறந்தநாளைக்கு. போடலைன்னா மனசு கஷ்டப்படுவான். அது பின்னாடி கொஞ்சம் நீளம். இன்னும் செதுக்கினேன். அப்புறம் வீட்டுக்காரர், அதுக்கு ஸ்பேர் கிடைக்காது, கோயமுத்தூர்ல என் ஃபிரண்டு செஞ்சு தர்றான்னு ஒண்ணு கொண்டுவந்தார். அது அகலம்."

"அதுக்கும் செதுக்கினீங்க."

"வாங்கிட்டு வந்துட்டாரே."

"இப்ப இதுல எது இருக்கு?"

"கோயமுத்தூர். நடுவுல மகன் வந்திருந்தப்ப மட்டும் வெளிநாட்டுது."

ஜெசிந்தா எழுந்தாள். மலைக் காற்றுக்குப் பட்டறைக் கதவு காலையிலிருந்து படார் படார் என்று அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு மாதம் செதுக்கிய தேக்குக் கட்டையைக் கதவுக்கு அடியில் செருகினாள்.

கதவு நின்றது. அந்த வேலைக்கு அது கச்சிதமாக இருந்தது.

சௌந்தரவல்லி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். அலுப்புதான் வந்தது.

*

மறுநாள் மேஜைமேல் மூன்று ரிசீவர்களும் வரிசையாக இருந்தன. மூன்றையும் எடுத்துவரச் சொல்லியிருந்தாள் ஜெசிந்தா.

வெளிநாட்டுது கறுப்பாகப் பளபளத்தது. கோயமுத்தூர் வெள்ளையாகப் பளபளத்தது. சங்கத்துது பளபளப்பைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. முதுகில் இரண்டு வடு.

ஜெசிந்தா ஒரு கண்ணாடித் தட்டின்மேல் ஒவ்வொன்றாக வைத்து, ஓரத்தில் விரலால் தட்டினாள். ஒன்றும் ஆடவில்லை. வளைவில்லை, கோணலில்லை.

"எது நல்லது டீச்சர்?"

"மூணும் சரி."

"மூணும் சரின்னா எப்படி எடுக்கிறது?"

நியாயமான கேள்வி. நியாயமான கேள்விக்கு ஜெசிந்தா பதில் சொன்னதாகச் சரித்திரம் இல்லை.

"நீங்களே ஒண்ணு எடுத்துக் கொடுத்திடுங்க."

"நான் எடுத்தா நாலாவது ஆளு."

சௌந்தரவல்லி விரல் மடக்கினாள். சங்கத்துக்காரர் ஒன்று, மகன் ஒன்று, வீட்டுக்காரர் ஒன்று. எண்ணிப் பார்த்தால் சரியாக இருந்தது.

"எடுத்துட்டா மாத்த முடியாது" என்றாள் ஜெசிந்தா. "மரம் ஒரு ஆளுக்குத்தான்."

"யோசிக்கணும்."

"யோசிங்க. நான் சாப்பிடப் போறேன்."

பட்டறையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டாள். வந்த ஆளை வெளியே நிறுத்தி வைத்துவிட்டு.

சௌந்தரவல்லி மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனாள். படகுக்கு வரிசை நின்றவர்கள் எல்லோரும் தேனிலவுக்காரர்கள் மாதிரி இருந்தார்கள், இன்னும் செதுக்கப்படாதவர்கள். சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தாள்.

வெளிநாட்டுதை எடுத்தால் மகனின் முகம் வந்தது. கோயமுத்தூரை எடுத்தால் வீட்டுக்காரரின் முகம் வந்தது. அதோடு அவருடைய நண்பரின் முகமும். அவரை அவளுக்குப் பிடிக்காது.

பழையதை எடுத்தாள். சங்கச் செயலாளர் முகம் வரும் என்று பார்த்தாள். வரவில்லை. அந்த ஆள் கொடுத்த அன்றே மறந்துபோயிருப்பார்.

வெறும் இரும்புதான் இருந்தது. அதை நீட்டிப் பிடித்தாள்.

இரண்டு மணிக்குத் திரும்பினாள்.

"இது."

"ஏன்?"

"கனமா இருக்கு."

"கனம் வேணுமா உங்களுக்கு?"

"மத்த ரெண்டும் கையில நடுங்குது. இது நடுங்க மாட்டேங்குது."

ஜெசிந்தா முதன்முறையாக அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், அடுக்கியிருந்த மரங்களிலிருந்து ஒரு பலாக் கட்டையை உருவிக்கொண்டு வந்து முன்னால் போட்டாள்.

*

மறுநாள் உளி கொடுத்தாள். கூடவே ஒரு கண்மை டப்பா கொடுத்தாள்.

"இது எதுக்கு?"

ஜெசிந்தா மோதிர விரலால் மையைத் தொட்டு, ரிசீவரின் அடிப்பக்கம் முழுக்கப் பூசினாள். குழந்தைக்குப் பூசுகிற மாதிரிதான். ராத்திரியே பலாக் கட்டையில் முரட்டாகச் செதுக்கி வைத்திருந்த குழிவில் ரிசீவரை வைத்து, ஸ்க்ரூவை விரலாலேயே திருகி, கழற்றி, தூக்கினாள்.

மரத்தில் நாலு இடத்தில் கறுப்பு.

"எங்க மை இருக்கோ அங்க மட்டும் சீவுங்க. மத்த இடத்தைத் தொடாதீங்க."

"எவ்வளவு?"

"மை போற அளவு."

சௌந்தரவல்லி சீவினாள். மறுபடி பூசி, வைத்து, தூக்கினாள். இப்போது ஐந்து இடத்தில் கறுப்பு. நாலு பழைய இடம் இல்லை, ஐந்தும் புதுசு.

"அதிகமாயிடுச்சே."

"நல்லது."

"நல்லதா? அப்ப முடியும்போது?"

"முழுக்கக் கறுப்பா இருக்கும். எல்லா இடமும் தொடும்."

அன்றைக்கு முப்பது தடவை. மறுநாள் நாற்பது. இரும்பை ராவவே கூடாது என்பது மட்டும் ஜெசிந்தா சொல்லாமலே புரிந்தது. அரத்தைப் பார்த்துக் கை போனபோதெல்லாம் ஜெசிந்தா அதை எடுத்து வேறு அலமாரியில் வைத்தாள்.

காலை ஏழரை பஸ்ஸில் ஏறுவது, மாலை ஐந்து பஸ்ஸில் இறங்குவது. வீட்டுக்குப் போனால் பாத்திரம் காத்திருக்கும். வீட்டுக்காரருக்குச் சமைக்கத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார். விரல் நகத்தில் எல்லாம் மை. பஸ் கண்டக்டர், "என்னம்மா, பேரப்பிள்ளை பிறந்திருக்கா?" என்று கேட்டார். இதற்கும் ஆமாம் என்றுதான் சொன்னாள்.

ஆறாம் நாள் சொன்னாள்:

"டீச்சர், மயிரிழை அளவு சீவறேன். மை இன்னொரு இடத்துக்கு ஓடிடுது. எத்தனை தடவைதான்?"

"எண்ணாதீங்க."

"தேர்வுக்கு ஏழு நாள்தான் இருக்கு."

"மைக்குத் தெரியாது."

பத்தாம் நாள், வியாழக்கிழமை, மதியம் மகன் போன் செய்தான். முகிலன். நல்ல பையன். அதுதான் கஷ்டமே. கெட்ட பையனாக இருந்தால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிடலாம்.

"அம்மா, இங்க உங்களுக்குன்னு தனி ரூம் பண்ணியாச்சு. கர்ட்டன் என்ன கலர்?"

"எதுவா இருந்தாலும் சரிப்பா."

"பாவம், கையெல்லாம் புண்ணாக்கிக்கிட்டு. எதுக்கும்மா இதெல்லாம்? வந்து நிம்மதியா இருங்க."

"சரிப்பா."

போனை வைத்துவிட்டு மரத்தைப் பார்த்தாள். நடுவில் ஒரே ஒரு கறுப்புத் திட்டு, இரண்டு ஓரத்திலும் வெறும் மரம். மூன்று நாளாக அந்த நடுத் திட்டு நகரவில்லை. சீவச் சீவ அப்படியே இருந்தது.

ஜெசிந்தா வாசலில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள்.

சௌந்தரவல்லி மையைப் பூசினாள். ரிசீவரை வைத்தாள். விரலால் திருகுவதற்குப் பதில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். முன் ஸ்க்ரூவைத் திருகினாள். பின் ஸ்க்ரூவை, பல்லைக் கடித்துக்கொண்டு, கை வலிக்கும்வரை திருகினாள். மரம் ஒருமுறை முனகியது. பிறகு அடங்கிவிட்டது.

கழற்றித் தூக்கினாள்.

முழுக்கக் கறுப்பு. நடு, ஓரம், மூலை, எல்லாம். பார்க்க அழகாக இருந்தது.

"டீச்சர். பொருந்திடுச்சு."

ஜெசிந்தா வந்தாள். மரத்தைப் பார்த்தாள். சௌந்தரவல்லியின் உள்ளங்கையில் ஸ்க்ரூ டிரைவர் பதிந்த சிவப்புத் தடத்தையும் பார்த்தாள்.

"மறுபடி வைங்க. இப்ப வெச்ச மாதிரியே."

வைத்தாள். அதே இறுக்கம்.

"விரலைக் கொடுங்க."

சௌந்தரவல்லியின் ஆள்காட்டி விரலை எடுத்து, ரிசீவரின் பின்முனையும் மரமும் சேரும் இடத்தில், பாதி இரும்பிலும் பாதி மரத்திலும் படும்படி வைத்தாள்.

"எடுக்காதீங்க."

பின் ஸ்க்ரூவை மெல்லத் தளர்த்தினாள். ஒரு சுற்று. அரைச் சுற்று.

விரலுக்கு அடியில் இரும்பு எழும்பியது.

யாரும் தூக்கவில்லை. தானாகவே, தூங்குகிறவன் மூச்சு விடுகிற மாதிரி, மெதுவாக எழும்பி நின்றது.

"என்ன தெரியுது?"

"எழும்புது."

"ம்."

"நடுவுல மேடு இருக்கா?"

"மூணு நாளா மை அதைத்தானே சொல்லுது." ஜெசிந்தா மறுபடி திருகினாள். இரும்பு அமுங்கி உட்கார்ந்தது. தளர்த்தினாள். எழும்பியது. திருகினாள். உட்கார்ந்தது. "இறுக்கினா எல்லாம் உக்காரும் அக்கா. சுடும்போது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் எழும்பப் பார்க்கும். குண்டு அதோட போகும்."

சௌந்தரவல்லி விரலை எடுக்கவில்லை.

"இன்னொரு தடவை தளர்த்துங்க" என்றாள்.

எழும்பியது.

"இன்னொரு தடவை."

ஐந்து மணி பஸ் போய்விட்டது. அவள் ஆறரை மணி பஸ்ஸில் போனாள். வீட்டில் சாப்பாடு என்ன என்று கேட்டுப் போன் வந்தது. எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது என்று இல்லை. பைக்குள் இருந்த போனைத் தேடத் தெம்பில்லை.

*

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு விரல் ஒன்றும் சொல்லவில்லை.

ஜெசிந்தா முன் ஸ்க்ரூவைத் தளர்த்தினாள், பின் ஸ்க்ரூவைத் தளர்த்தினாள். ரிசீவர், திருகினாலும் திருகாவிட்டாலும் எனக்கென்ன என்று உட்கார்ந்திருந்தது. கட்டையைத் தலைகீழாகத் திருப்பினாள். ஸ்க்ரூ இல்லாமலே ஒரு கணம் தொங்கி, பிறகுதான் கைக்கு வந்தது.

"போங்க" என்றாள்.

"அவ்வளவுதானா? ஏதாவது சொல்லுங்களேன். நாளைக்குப் போட்டி."

ஜெசிந்தா யோசித்தாள்.

"நல்லாத் தூங்குங்க."

இதற்கா இருபது வளைவு ஏறி வந்தோம் என்று இருந்தது சௌந்தரவல்லிக்கு.

*

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் மறுபடி வந்தாள். துணிப்பையை மேஜைமேல் வைத்துவிட்டு, கேட்காமலே உட்கார்ந்தாள். கதவுக்கடியில் தேக்குக் கட்டை அப்படியே இருந்தது.

"எவ்வளவு?"

"முந்நூத்தி அம்பத்தெட்டு."

ரெண்டு குறைவு. ஜெசிந்தா உச்சுக் கொட்டவில்லை. கொட்டியிருந்தால் சௌந்தரவல்லி அழுதிருப்பாள்.

"அட்டை?"

இலக்கு அட்டைகளை எடுத்துப் பரப்பினாள். நாற்பது வட்டம், நாற்பது துளை. ஜெசிந்தா ஒவ்வொன்றின்மேலும் விரலை வைத்துக்கொண்டே போனாள். முதல் பத்து, இடது பக்கம் ஒரு நூல். இரண்டாவது பத்து, இடது பக்கம் ஒரு நூல். கடைசிப் பத்தும் இடது பக்கம், அதே ஒரு நூல்.

"எல்லாம் ஒரே இடம்."

"ஆமா. இடது பக்கம்."

"குறி பார்க்கிற சைட்டை ரெண்டு திருகு திருகியிருக்கலாமே."

"போட்டி நடுவுல கை வைக்க பயமா இருந்தது. இத்தனை நாள் சீவினது. எதையாவது தொட்டுக் கெடுத்துடுவேனோன்னு."

"ம்."

"அடுத்தது ஆறு மாசம் கழிச்சுத்தான்."

"ம்."

"நான் இருக்க மாட்டேன். அதான் இதை உங்ககிட்டயே கொடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன். யாராவது குட்டையா ஒரு பொண்ணு வந்தா கொடுங்க."

ஜெசிந்தா துணிப்பையைத் தன் பக்கம் இழுத்தாள். பையைத் திறந்து துப்பாக்கியை வெளியே எடுத்து, மேஜையோரத்து இடுக்கியில் மாட்டினாள். நாற்பது குண்டு சுட்டு வந்த எந்தத் துப்பாக்கியையும் அவள் ஒருமுறை பார்க்காமல் விடுவதில்லை. டிராயரில் ஸ்க்ரூ டிரைவரைத் தேடினாள்.

போன் அடித்தது. முகிலன்.

சௌந்தரவல்லி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது தடவையும் அடித்தது.

"டீச்சர், அவன்கிட்ட என்ன சொல்லட்டும்?"

"நான் சொன்னா நாலாவது ஆளு."

சௌந்தரவல்லி போனை எடுத்தாள். பட்டறை சின்னது. அவன் பேசியது இருவருக்கும் கேட்டது.

"அம்மா, அப்பா ஸ்கோர் சொன்னார். ரெண்டுலதானே போச்சு, விடுங்க. உங்க வயசுக்கு அதுவே பெருசு."

"ம்."

"புதன்கிழமை வண்டி அனுப்பட்டுமா? சாமான் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். வீட்டை வாங்க ஒரு பார்ட்டி வந்திருக்காங்க, அப்பாகிட்டப் பேசிட்டேன். நீங்க மட்டும் சரின்னு சொன்னாப் போதும்."

சரி என்ற வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது. முப்பது வருடப் பழக்கம். கூப்பிட வேண்டிய அவசியம்கூட இல்லை, தானாக வரும்.

மேஜையில் ஜெசிந்தா பின் ஸ்க்ரூவில் டிரைவரை வைத்தாள். இடது கை ஆள்காட்டி விரல், பாதி இரும்பில், பாதி மரத்தில். திருகினாள். கிர் என்று ஒரு சின்ன சத்தம், ஸ்க்ரூ தளர்ந்தது.

"அம்மா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"புதன்கிழமை?"

"வேண்டாம்."

"அப்ப வெள்ளிக்கிழமை அனுப்பறேன்."

"வேண்டாம் முகிலா. பிரசவத்துக்கு வர்றேன். பஸ்ல வர்றேன். நாப்பது நாள் இருந்து எல்லாம் பாத்துட்டுத் திரும்பி வந்துடுவேன்."



"நீங்க வாக்குக் கொடுத்தீங்கம்மா."

"கொடுத்தேன்."

"அப்புறம்?"

  வழக்கமாக இந்த இடத்தில்தான் அவள் பேசிப் பேசி, காரணம் அடுக்கி, மன்னிப்புக் கேட்டு, கடைசியில் சரி என்று முடிப்பாள். இன்றைக்குக் காதில் போனை வைத்துக்கொண்டு ஜெசிந்தாவின் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டை விக்க வேண்டாம்னு அப்பாகிட்டச் சொல்லணுமா அப்ப?"

"நானே சொல்றேன்."

"கோபமாம்மா?"

"இல்லப்பா. கர்ட்டன் பச்சை போடு. நாப்பது நாள் பார்க்கணுமே."

அவன் சிரித்தானா, பெருமூச்சு விட்டானா என்று தெரியவில்லை. வைத்துவிட்டான்.

சௌந்தரவல்லி போனை மேஜைமேல் குப்புற வைத்தாள். வெறும் துணிப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

எதிரில் ஜெசிந்தா பின் ஸ்க்ரூவை முழுக்கக் கழற்றி உள்ளங்கையில் வைத்திருந்தாள். இன்னொரு கையின் விரல் இன்னும் அதே இடத்தில் இருந்தது.

"அசையல" என்றாள்.